பஸ் ஒருவர் கையில், பஸ் ஸ்டாப் இன்னொருவர் கையில்: சென்னைப் போக்குவரத்துத் திட்டங்கள் எங்கே மாட்டிக்கொள்கின்றன?

கேள்வி இதுதான்: “சென்னைக்கென்று ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது கும்டா, வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இருபத்தைந்து வருடத் திட்டமும் போட்டாயிற்று. அப்படியும் மெட்ரோ, பஸ், ரயில், நடைபாதை எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே, ஏன்? மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ந்து இதை ஒழுங்காகச் செய்த ஊர் எங்கேயாவது உண்டா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் திட்டத்துக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. திட்டம் போடுகிறவரிடம் பணம் இல்லை, திட்டத்துக்கு எதிராகப் போகும் வேலையை நிறுத்தும் அதிகாரமும் இல்லை. தெருவைக் கையில் வைத்திருக்கும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகளோ இந்தப் பேச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த இரண்டையும் ஓரளவு சரிசெய்த ஊர்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அண்ணா சாலையில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பஸ் ஸ்டாப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே வந்து நிற்கும் பஸ் எம்டிசியுடையது. எம்டிசி என்பது மாநகரப் போக்குவரத்துக் கழகம், மாநிலப் போக்குவரத்துத் துறைக்குக் கீழே இயங்கும் ஓர் அரசு நிறுவனம். பஸ் ஓடும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நிழற்குடை மாநகராட்சியின் பொறுப்பு. பல இடங்களில் அதை விளம்பர வருமானத்துக்காகத் தனியாரிடம் விட்டிருப்பார்கள். தெருவிளக்கும் மாநகராட்சிதான். நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் மின்பெட்டி மின்வாரியத்துடையது. கீழே போகும் குழாய்கள் குடிநீர் வாரியத்துடையவை. ஸ்டாப்பை மறித்து நிற்கும் காரையும் ஆட்டோவையும் கிளப்ப வேண்டியது போக்குவரத்துக் காவல், அது உள்துறையைச் சேர்ந்தது. ஐம்பது அடி தள்ளி இருக்கும் மெட்ரோ வாசல் மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துடையது.

இப்போது அந்த ஸ்டாப்பை மெட்ரோ வாசலுக்கு நேராக நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் யாரும் எதிர்ப்பு சொல்லப்போவதில்லை. கூட்டம் போட்டால் எல்லாத் துறை அதிகாரிகளும் தலையாட்டுவார்கள். யாருடைய பட்ஜெட்டில் செய்வது என்று கேட்டதும் கோப்பு ஊர் சுற்றக் கிளம்பிவிடும். மின்பெட்டியைத் தள்ளி வைக்கும் செலவை மின்வாரியம் ஏற்காது, அது மெட்ரோவுக்காகச் செய்வது என்பார்கள். நிலைய எல்லைக்கு வெளியே செலவிட மெட்ரோவுக்குத் தனியாக ஒப்புதல் வேண்டும். நிழற்குடை ஒப்பந்தம் முடிய வருடங்கள் பாக்கி இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்கும். மக்கள் மட்டும் மெட்ரோ வாசலில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பார்கள். டிரைவர் நல்லவராக இருந்தால் நிறுத்துவார்.

இந்தச் சிக்கலின் வேர் நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ரயில்வே மத்திய அரசின் பட்டியலில் வருகிறது. சாலைகளும் பஸ் போக்குவரத்தும் பெரும்பாலும் மாநிலத்தின் கையில். 1992-ல் நிறைவேறிய 74-வது திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உரியவை என்று 18 பணிகளை ஒரு தனி அட்டவணையில் வைத்தது. அதில் தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் ஒரே வரியில் வரும். பொதுப் போக்குவரத்து என்று ஒரு வரி அதில் கிடையாது. ஆக, பஸ் நிறுத்தம் உள்ளாட்சிக்கு, பஸ் மாநிலத்துக்கு. அந்தப் 18 பணிகளிலும் எதை எவ்வளவு கொடுப்பது என்பது மாநில அரசின் விருப்பம்தான்.

மும்பையில் பெஸ்ட் பஸ்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவை. அகமதாபாத்திலும் நகர பஸ் மாநகராட்சி நடத்துவது. தமிழ்நாட்டில் அந்த வழக்கம் இல்லை. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து சென்னை பஸ் மாநில அரசின் பஸ். அதில் நல்லதும் உண்டு. நிலைமை மோசமாகும்போது மாநில அரசு கைகொடுக்கும், மாநகராட்சியால் அது முடியாது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்று ஒரே கையெழுத்தில் அறிவிக்க முடிந்ததும் அதனால்தான். ஆனால் தெரு எங்கே எப்படி இருக்கிறது என்று தெரிந்த அமைப்புக்கும் பஸ் எங்கே ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் அமைப்புக்கும் நடுவே ஒரு கோட்டை மதில் எழும்பிவிட்டது.

கும்டா எப்படி வந்தது என்ற கதை இங்கே முக்கியம். 2006-ல் மத்திய அரசு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையை வெளியிட்டது. வண்டிகளை நகர்த்துவது அல்ல, மனிதர்களை நகர்த்துவதே வேலை என்று அது சொன்னது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் எல்லா அமைப்புகளையும் சேர்க்கும் ஒரு குழுமம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2009-ல் ஜவாஹர்லால் நேரு நகரப் புதுப்பிப்புத் திட்டத்தில் பஸ் வாங்க மாநிலங்களுக்குப் பணம் தந்தபோது, இப்படிப்பட்ட குழுமம் அமைப்பதையும் நிபந்தனையாக வைத்தார்கள். தமிழ்நாடு 2010-ல் கும்டா சட்டம் இயற்றியது. பஸ்கள் வந்தன. சட்டம் அலமாரியில் தூங்கியது. 2017-ல் புதிய மெட்ரோ கொள்கை வந்து, மெட்ரோவுக்கு மத்திய அரசின் உதவி வேண்டுமானால் இப்படி ஒரு குழுமமும் முழுமையான நகரப் போக்குவரத்துத் திட்டமும் கட்டாயம் என்றது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் கண் முன்னே நின்றது. அப்புறம்தான் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். முதல்வரே தலைவர் என்று திருத்தினார்கள். முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டம் வந்து பன்னிரண்டு வருடம் கழித்து.

இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, இந்தியாவில் பல ஊர்களின் கதை இதுதான். கேரளம் 2019-ல்தான் சட்டம் கொண்டுவந்தது, பெங்களூருக்கு 2022-ல். ஆனால் ஒரு அமைப்பு எதற்காகப் பிறந்தது என்பது அதன் குணத்தில் தெரியும். டெல்லியிலிருந்து பணம் வாங்கத் தேவையான சான்றிதழாகப் பிறந்த குழுமத்திடம், மற்ற துறைகள் தங்கள் அதிகாரத்தில் ஒரு துளியைக் கூட மனமுவந்து கொடுத்ததாகத் தெரியவில்லை. கும்டாவில் இருக்கும் இளைஞர்கள் பலர் திறமைசாலிகள். அவர்கள் போடும் வரைபடங்களையும் கணக்குகளையும் பார்த்தால் தெரியும். குறை அவர்களிடம் இல்லை.

முதல்வர் தலைவராக இருப்பதிலும் இரண்டு பக்கம் உண்டு. அவர் தலைமையில் ஒரு முடிவு எடுத்துவிட்டால் எந்தத் துறையும் மறுக்காது. ஆனால் முதல்வர் எத்தனை முறை உட்கார்ந்து பஸ் ஸ்டாப் பற்றிப் பேச முடியும்? பெரிய விஷயங்கள் மட்டுமே அங்கே போகும். நகரப் போக்குவரத்தின் சங்கடங்களில் பாதி சின்ன விஷயங்கள்.

தெற்கே கிளாம்பாக்கத்தில் உள்ள வெளியூர் பஸ் முனையத்தைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் அதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. கோயம்பேட்டில் நெரிசல் தாங்கவில்லை, தென் மாவட்ட பஸ்கள் ஊருக்குள் வராமல் வெளியிலேயே நிற்க வேண்டும் என்பது நியாயமான யோசனை. 2019-ல் அடிக்கல் நாட்டி, 88 ஏக்கரில் கட்டி, 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்தார்கள். கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., அது வீட்டுவசதி நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ் வருவது. கட்டடம் நன்றாகவே இருக்கிறது. வெளியூர் பஸ்களை நிறுத்த, பயணிகள் உட்கார, சாப்பிட எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

இப்போது மதுரையிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பெட்டி, ஒரு அரிசி மூட்டை, வயதான அம்மா, போக வேண்டிய இடம் பெரம்பூர். கோயம்பேட்டில் இறங்கியிருந்தால் வாசலிலேயே மெட்ரோ. இங்கே? புறநகர் ரயில் பாதை, முனையத்துக்கு முன்னால் ஓடும் ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது, கண்ணுக்கு எட்டும் தூரம். ஆனால் திறப்பு விழா நாளில் அங்கே ரயில் நிற்க நிலையம் கிடையாது. ஒன்று வண்டலூர் போக வேண்டும், இல்லை ஊரப்பாக்கம் போக வேண்டும். சாலையைக் கடக்க ஆகாய நடைபாதை என்று திட்டத்தில் இருந்தது, நிலம் எடுப்பதில் இழுத்தது. விமான நிலையத்திலிருந்து இங்கே மெட்ரோ நீட்டிப்பு என்பது காகிதத்தில் இருந்தது. எம்டிசி நிறைய இணைப்புப் பஸ்கள் விட்டது, அதை மறுக்க முடியாது. உண்மையில் முதல் மாதங்களில் அந்த முனையத்தைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பஸ்கள்தான். விவரம் தெரிந்த பயணிகள் பெருங்களத்தூரிலோ தாம்பரத்திலோ இறங்கிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் யார் பொறுப்பு என்று பாருங்கள். முனையம் சி.எம்.டி.ஏ. ரயில் நிலையம் மாநிலம் பணம் கட்ட, தெற்கு ரயில்வே கட்டித் தர வேண்டியது. முன்னால் ஓடுவது தேசிய நெடுஞ்சாலை. உள்ளூர் பஸ் எம்டிசி. வெளியூர் அரசு பஸ் வேறு கழகங்கள். ஆம்னி பஸ்களோ எங்கள் கேரேஜ் எல்லாம் கோயம்பேட்டில் என்று நீதிமன்றம் வரை போனார்கள். சுற்றியுள்ள வண்டலூரும் ஊரப்பாக்கமும் முனையம் திறந்தபோது கிராம ஊராட்சிகள். ஒரு நாளைக்குப் பல ஆயிரம் பேர் வந்து போகும் இடத்தின் சுற்றுத் தெருக்களுக்கு விளக்கும் வடிகாலும் போடும் பொறுப்பு, வீட்டு வரி வசூலை நம்பி நடக்கும் ஒரு கிராம ஊராட்சிக்கு.

இவர்களில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தங்கள் வேலையைத் தங்கள் வேகத்தில் செய்தார்கள். ரயில் நிலையம் வரும் வரை முனையத்தைத் திறக்காதே என்று சொல்லும் அதிகாரம் எவரிடமும் இல்லை. கேள்விக்குப் பதிலே அதுதான். ஒருங்கிணைப்பு என்றால் எல்லாரும் ஒரே அறையில் காபி குடிப்பது இல்லை. யாராவது ஒருவர் பொறு என்று சொன்னால் மற்றவர் பொறுக்க வேண்டும்.

பறக்கும் ரயிலும் இதே வகை. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் ஓடத் தொடங்கி, வேளச்சேரிக்கு 2007-ல் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர்தான். சேர்ந்துவிட்டால் மெட்ரோவும் புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்பது திட்டம். 2008-ல் வேலை தொடங்கியது. மாநிலம் மூன்றில் இரண்டு பங்கு, ரயில்வே ஒரு பங்கு என்று செலவுக் கணக்கு. கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளில் பத்து வருடத்துக்கு மேல் தூண்கள் பாதி வழியில் நின்றன. நிலம் எடுப்பது மாநிலத்தின் வேலை, தண்டவாளம் போடுவது ரயில்வேயின் வேலை. தாமதத்தால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்தால் இரண்டு பேருக்குமே இல்லை, அந்தப் பாதையில் இருக்கும் ஆதம்பாக்கத்துக்காரருக்குத்தான் நஷ்டம்.

திட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை வழியாக அண்ணா சாலைக்கு அடியில் 2018 முதல் மெட்ரோ ஓடுகிறது. அதே தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை, அதே சுரங்கத்துக்கு மேலே, 3.2 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு நெடுஞ்சாலைத் துறை 2024-ல் வேலை தொடங்கியது. மதிப்பீடு 621 கோடி. சுரங்கத்துக்குப் பாரம் ஏறாமல் அடித்தளம் போடுவது பொறியாளர்களுக்குச் சவாலான வேலை, அதைப் பாராட்டலாம். ஆனால் காரை விட்டுவிட்டு மெட்ரோவுக்கு வா என்று ஒரு கையால் கூப்பிட்டுவிட்டு, கார் சீக்கிரம் போக மேலே பாலம் கட்டினால், மக்கள் எதைக் கேட்பார்கள்? நெடுஞ்சாலைத் துறையைப் பொறுத்தவரை அவர்கள் வேலை நெரிசலைக் குறைப்பது, குறைக்கிறார்கள். முழு நகரத்துக்கும் கணக்குப் பார்க்கும் ஆளுக்கு அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடும் இடமே இல்லை.

சரி, வெளியூர்களுக்கு வருவோம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் 1965-லேயே இதைத் தொடங்கிவிட்டது. அங்கே சுரங்க ரயிலும் பஸ்ஸும் நகர நிறுவனத்துடையவை, புறநகர் ரயில் மத்திய அரசின் ரயில்வேயுடையது. நம் எம்டிசி, தெற்கு ரயில்வே நிலைதான். அவர்கள் ஒரு கூட்டு அமைப்பை உண்டாக்கினார்கள். ஒரே கால அட்டவணை, ஒரே கட்டண முறை, ஒரே டிக்கெட். வசூலான பணம் பொதுவில் சேரும், பிறகு ஒப்பந்தப்படி பிரித்துக்கொள்வார்கள். பயணிக்கு எந்த வண்டி யாருடையது என்று தெரிய வேண்டியதே இல்லை. உலகத்தில் இந்த வகை அமைப்புக்கு இதுதான் முதல் உதாரணம். 1990-களில் அதைத் திருத்தி, ஹாம்பர்க் மாநிலமும் பக்கத்து மாநிலமும் சுற்றியுள்ள மாவட்டங்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பாக மாற்றினார்கள். அதாவது வண்டி ஓட்டுகிறவர்கள் கையிலிருந்து, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள் கைக்கு வந்தது. எங்கே எவ்வளவு சேவை வேண்டும் என்று மாவட்டம் கேட்கலாம், கேட்டால் அதற்குரிய பணத்தையும் போட வேண்டும்.

சென்னையில் 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ வரை ஒரே க்யூ.ஆர். டிக்கெட். நல்ல வேலை, கும்டா செய்ததிலேயே மக்கள் கண்ணுக்கு நேரே தெரிவது அதுதான். ஆனால் ஹாம்பர்க் செய்ததற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே டிக்கெட் ஒன்றாகியது, கட்டணம் ஒன்றாகவில்லை. மின்சார ரயிலுக்கு ரயில்வே வாரியம் வைத்த கட்டணம், மெட்ரோவுக்கு மெட்ரோ நிறுவனம் வைத்தது, பஸ்ஸுக்கு மாநில அரசு வைத்தது, மூன்றையும் கூட்டித்தான் வாங்குகிறது செயலி. வண்டி மாறினால் தண்டனை போலக் கூடுதல் செலவு. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், மின்சார ரயிலில் குறைந்தபட்சம் 5 ரூபாய், மெட்ரோவில் 10. வேலைக்குப் போகும் ஒரு பெண் மெட்ரோவுக்கு இணைப்பாகப் பஸ்ஸைப் பயன்படுத்தாமல், முழு தூரமும் வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண பஸ்ஸுக்காகக் காத்திருந்து போவார். அவர் கணக்கு சரியான கணக்கு. மூன்று கட்டணங்களையும் சேர்த்துப் பார்த்து, மாறிப் போகிறவருக்குச் சலுகை தந்து, நஷ்டத்தை யார் எவ்வளவு ஏற்பது என்று ஒப்பந்தம் போடுவதுதான் மிச்சமிருக்கும் வேலை. செயலி எழுதுவதைவிட அது பல மடங்கு கடினம். ரயில்வே வாரியம் சம்மதிக்க வேண்டும். ஜெர்மனியின் மத்திய ரயில்வே சம்மதித்ததே, இங்கே மட்டும் முடியாது என்று நான் நினைக்கவில்லை.

மாநில அரசுக்கும் உள்ளாட்சிக்கும் இடையே வேலையைப் பிரிப்பதில் எனக்குப் பிடித்தது லண்டன். அங்கே 1999-ல் இயற்றிய சட்டப்படி மேயர் முழு நகரத்துக்கும் போக்குவரத்துத் திட்டம் போடுவார். அதைச் செயல்படுத்த டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்ற அமைப்பு உண்டு. ஆனால் அந்த அமைப்பின் கையில் இருப்பது லண்டன் சாலைகளில் 5 சதவீதம்தான், முக்கியமான பெரிய சாலைகள். மிச்சமெல்லாம் 32 பரோக்களும் சிட்டி கார்ப்பரேஷனும் வைத்திருப்பவை. நம் மண்டலங்களைப் போல இல்லை, பரோ ஒவ்வொன்றும் தேர்தல் நடத்தி வரும் தனி உள்ளாட்சி. மேயரின் திட்டத்தைத் தன் தெருக்களில் எப்படி நடைமுறைப்படுத்தப் போகிறோம் என்று ஒவ்வொரு பரோவும் தன் சொந்தத் திட்டத்தை எழுதித் தர வேண்டும், சட்டப்படி கட்டாயம். மேயர் அதை ஒப்புக்கொண்டால் அதற்குப் பணம் வரும். எந்தத் தெருவில் நடைபாதையை அகலப்படுத்துவது, எந்தப் பள்ளிக்கு முன்னால் வண்டிகளைத் தடுப்பது என்பதையெல்லாம் பரோதான் முடிவு செய்யும். கட்சி வேறாக இருந்தால் சண்டை நடக்கும், சைக்கிள் பாதைக்காக நீதிமன்றம் வரை போன பரோக்கள் உண்டு. ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். நகரம் முழுக்க சிக்னல்கள் மட்டும் ஒரே அமைப்பின் கையில். அது புத்திசாலித்தனம்.

நம் ஊரில் மேலே ஒரு திட்டம் இருக்கிறது, கீழே எதுவும் இல்லை. ஆவடியோ தாம்பரமோ பூந்தமல்லியோ கும்டா திட்டத்தைப் படித்துப் பார்த்து, எங்கள் ஊரில் இதை இப்படிச் செய்யப்போகிறோம் என்று எழுதித் தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எழுதித் தந்தால் கிடைக்கும் பணமும் இல்லை.

உள்ளாட்சியால் இதெல்லாம் முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒரு கொள்கை வகுத்தது. தன் போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது அவர்களுக்கே போக வேண்டும் என்று அதில் எழுதிக்கொண்டது. இந்தியாவில் அப்போது வேறு மாநகராட்சிகள் அந்தத் துணிச்சலுக்கு வரவில்லை. 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் மாநகராட்சி செய்ததுதான், ஸ்மார்ட் சிட்டி பணத்தில். அது ஏன் முடிந்தது? அது இருக்கும் தியாகராய சாலை மாநகராட்சியின் சொந்தச் சாலை, பணமும் அவர்கள் கைக்கே வந்தது. பிறகு அங்கே வண்டிகள் ஏறி நிற்பதும், பராமரிப்பு குறைவதும் வேறு கதை. மற்றவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாத இடத்தில் வேலை நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

பணம் பற்றிப் பேசும்போது பிரான்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1971-ல் பாரிஸ் பகுதியிலும் 1973 முதல் மற்ற நகரங்களிலும் ஒரு வரி கொண்டுவந்தார்கள். இன்றைய நிலையில் பதினொரு பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டுவாடாவில் ஒரு சிறு சதவீதத்தை உள்ளூர்ப் போக்குவரத்துக்கென்று கட்ட வேண்டும். வரி விகிதத்தை, சட்டம் சொல்லும் உச்சவரம்புக்குள், அந்தந்த நகரக் கூட்டமைப்பே தீர்மானிக்கும். பல பக்கத்து நகராட்சிகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு அது. பணம் நேரே அங்கே போகும். அதற்குப் பிறகுதான், 1982-லும் 1996-லும், போக்குவரத்துத் திட்டங்களைப் பற்றிய சட்டங்கள் வந்தன. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நகரப் பகுதிகளுக்குத் திட்டம் கட்டாயம் என்றார்கள். வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் பணப்பை, அப்புறம் திட்டம். ஸ்ட்ராஸ்பர்க், நாந்த் போன்ற நடுத்தர நகரங்களில் டிராம் மறுபடி ஓடியதற்கு இந்த வரி பெரிய காரணம். நாம் முதலில் திட்டத்தை எழுதிவிட்டு, பிறகு கடனுக்கு உலக வங்கியையும் ஜப்பானையும் பார்க்கிறோம்.

உலக வங்கியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று சொல்ல வேண்டும். 2021-ல் அவர்கள் ஒப்புக்கொண்ட 15 கோடி டாலர் சென்னைத் திட்டம் கட்டடத்துக்குப் பணம் தரும் வகையில்லை, குறிப்பிட்ட பலன்கள் நடந்தால்தான் தவணை வரும் வகை. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய மின்சார பஸ்கள் அதன் வழி வந்தவை. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாருக்குப் பணம், டிரைவர் அவர்கள் ஆள், கண்டக்டரும் டிக்கெட் வசூலும் எம்டிசி. வெளியே இருக்கும் வங்கி தவணையை நிறுத்தி வைக்கும்போது எல்லாத் துறைகளும் சுறுசுறுப்பாகின்றன. அதே நெம்புகோலை நம் கும்டாவிடம் கொடுத்தால் என்ன?

எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி அதன் முக்கியமான நகரங்கள் 2027 முடிவுக்குள் நிலையான நகரப் போக்குவரத்துத் திட்டம் வைத்திருக்க வேண்டும். திட்டம் நகராட்சி எல்லையோடு நிற்காமல், மக்கள் தினமும் எங்கிருந்து வேலைக்கு வருகிறார்களோ அதுவரை பார்க்க வேண்டும் என்பது அங்கே பல வருடமாகச் சொல்லிவரும் அடிப்படை. சென்னையும் காகிதத்தில் அதைச் செய்துவிட்டது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக்கினார்கள், அரக்கோணம் வரை உள்ளே வந்துவிட்டது. மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டர்தான். மிச்சம் முழுக்க ஆவடி, தாம்பரம், காஞ்சிபுரம் மாநகராட்சிகளும், நகராட்சிகளும், பேரூராட்சிகளும், நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகளும்.

பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போனால் இது என்ன விளைவு தரும் என்று தெரியும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மொத்த மதிப்பீடு 63,246 கோடி. அதன் ஒரு வழித்தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகிறது. செம்மஞ்சேரி தாண்டியதும் மாநகராட்சி முடிந்துவிடும். நாவலூர், சிறுசேரி எல்லாம் கிராம ஊராட்சிகள். அங்கே மெட்ரோவிலிருந்து இறங்கப்போகும் ஐ.டி. ஊழியர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நடக்கும் குறுக்குத் தெருவுக்கு நடைபாதையும் விளக்கும் வடிகாலும் போட வேண்டியது அந்த ஊராட்சி. அவர்களிடம் தெருவை வடிவமைக்கும் பொறியாளர் கிடையாது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் ஒரு பொறியாளர் நாற்பது ஊர்களின் தார்ச் சாலையையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஊழியர் முதல் மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்துவிட்டு, மறுநாள் பைக்கை எடுப்பார். மெட்ரோவில் கூட்டம் வரவில்லை என்று அப்புறம் கட்டுரை எழுதுவார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் அந்த இடத்தில்தான் கை வைப்பேன். மெட்ரோ நிலையத்தைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் தெருக்களைச் சீர் செய்யும் செலவை மெட்ரோ திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். நிலையத்தைக் கட்டும்போதே பக்கத்துத் தெருவும் முடிய வேண்டும், பணம் உள்ளாட்சியின் பெயரில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வடிவமைப்பு உதவி கும்டா தர வேண்டும். ஒரு மேம்பாலத்தின் விலையில் பல நிலையங்களுக்கு இதைச் செய்யலாம். அடுத்தது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் எந்தச் சாலை, பாலம், முனையத் திட்டமும் கும்டாவின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் டெண்டருக்குப் போகக்கூடாது என்று ஓர் அரசாணை. இதற்குச் சட்டத் திருத்தம் கூடத் தேவையில்லை, நிதித்துறை நினைத்தால் போதும். நிரந்தர நிதி மூன்றாவது. வாகனப் பதிவு வரியிலிருந்தோ, மெட்ரோ வந்ததால் விலை ஏறிய நிலங்களுக்கு அருகே கூடுதல் மாடிகளுக்கு அனுமதி தரும் கட்டணத்திலிருந்தோ ஒரு பங்கை ஒதுக்கலாம். எது என்பதைவிட, வருடா வருடம் கேட்காமலே வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பஸ்ஸை மாநகராட்சியிடம் கொடுத்துவிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். தாம்பரத்துக்காரர் ஆவடிக்கும் போவார், சிறுசேரிக்கும் போவார், நான்கு மாநகராட்சிகள் நான்கு பஸ் கழகம் நடத்தினால் இன்னும் மோசமாகும். பஸ் பெருநகர அளவில் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் எந்த வழித்தடம் எப்போது ஓட வேண்டும் என்பதில் உள்ளாட்சிக்குப் பேச ஓர் இடம் வேண்டும். வார்டு உறுப்பினர் எம்டிசி டிப்போ மேலாளருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பது அந்த இடம் ஆகாது. வாகன நிறுத்தக் கட்டணம் போன்றவை முழுக்க உள்ளாட்சியின் கையில் இருக்கட்டும். அதில் வரும் காசு அதே தெருவின் நடைபாதைக்குப் போகட்டும். கடைக்காரர்களின் எதிர்ப்பும் அப்போது கொஞ்சம் குறையும், காசு எங்கே போகிறது என்று அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

நீங்கள் சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் இருப்பவரானால் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஊரில் பகுதி சபையோ கிராம சபையோ கூடும்போது, அருகில் வரும் மெட்ரோ அல்லது ரயில் நிலையத்திலிருந்து உங்கள் தெரு வரை நடைபாதை, விளக்கு, வடிகால் மூன்றும் யார் செலவில், எந்த வருடத்துக்குள் என்று கேட்டு, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்களிடம் நிதி இல்லை என்றுதான் பதில் வரும். பரவாயில்லை, அந்தப் பதிலும் பதிவாகட்டும். அதன் நகலைக் கும்டாவுக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். மதிப்பீட்டில் சேர்க்கும் நேரத்தில் அவர்கள் நிதித்துறையிடம் காட்டுவதற்கு இப்படிப்பட்ட காகிதங்கள்தான் தேவைப்படும்.